வெட்டிய ஓரம்

மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, அசையாதீங்க. எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு வாழ்நாள் முழுக்க இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. வீட்டில் மனைவி ஏதாவது கேட்டால் ஒரு 'உம்' கொட்டுவதோடு சரி. எல்லாப் பேச்சையும் ஆஸ்பத்திரியில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவாக வீட்டுக்கு வருகிறேன் என்பது அவளுடைய புகார். அங்கேயும் நான் பெரிதாக எதுவும் பேசியதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. பேசியே தீர வேண்டிய ஒரு விஷயத்தைப் பதினோரு வருஷம் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். அதில் இன்னொருவருடைய விரல்கள் போயின. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் அவரைப் பிடியக்கா என்பார்கள். பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர். எக்ஸ்ரே பகுதியின் மூன்று அறைகளையும், பெஞ்சு போட்ட நடையையும், படம் கழுவும் இருட்டறையையும் கூட்டித் துடைப்பது அவர் வேலை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் துடைப்பம் பிடித்த நேரத்தைவிடப் பிள்ளைகளைப் பிடித்த நேரம்தான் அதிகம். கைக்குழந்தை, நிற்கத் தெரியாத குழந்தை, நிற்கத் தெரிந்தும் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தை, எதுவானாலும் படம் எடுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்வது அவர்தான். பட்டப்பெயர் அப்படி வந்தது.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு படத்தால்தான். இரண்டு வயது மகன் காசை முழுங்கிவிட்டான் என்று கணவனும் மனைவியுமாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கணவர் தையல்காரர். ஊசியில் நூல் கோக்கும் மனிதருக்குப் பிள்ளையின் காலைப் பிடிக்க வரவில்லை. வார்டிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டும் பையன் நழுவிக்கொண்டே இருந்தான். இரண்டு படம் வீணானது. மூன்றாவதற்கு முன்னால் அந்த அம்மாள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, படம் எப்படி விழ வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தோள் இரண்டும் பலகையில் படிந்திருக்கணும், கை மேலே போகணும், முகம் திரும்பக் கூடாது என்றேன். பிடித்தார். பையன் அழுதானே தவிர ஒரு இம்மி அசையவில்லை. தொண்டைக்குக் கீழே காசு வட்டமாகத் தெரிந்தது. ஒரே படம்.

நாலு மாதம் கழித்து எங்கள் பகுதிக்குத் துப்புரவு ஆள் தேவைப்பட்டபோது நான்தான் அவரைச் சொல்லி அனுப்பினேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் தம்பி என்றார். இந்த உறவைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் மனைவி வீட்டில் அவரை 'என் நாத்தனார்' என்றுதான் சொல்வாள். என் சட்டையில் பொத்தான் அறுந்தால்கூட நாத்தனார் வீட்டுத் தையல்காரரிடம் கொடுங்கள் என்பாள். வேலை வாங்கிக் கொடுத்தது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலுக்கு மணல்பை வைப்பார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முழங்கையைக் காதோடு சேர்த்து அணைப்பார். தலை அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் போகாது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது மூச்சு உள்ளே நிறைந்திருந்தால்தான் நுரையீரல் ஒழுங்காகத் தெரியும். ஆறு மாதக் குழந்தையிடம் மூச்சை இழு என்று சொல்ல முடியுமா? அது வீறிட்டு அழுது, மூச்சு முட்டி, அடுத்த அழுகைக்காகக் காற்றை இழுக்கும் பாருங்கள், அந்த அரை நொடிதான் நமக்குக் கிடைப்பது. அக்கா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். 'ம்' என்பார். நான் கதிரை மறிக்கும் ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து பொத்தானை அமுக்குவேன். நூற்றில் தொண்ணூற்றைந்து படம் முதல் தடவையே சரியாக வரும்.

வேலை பார்க்கிறவர்கள் பிடிக்கவே கூடாது என்பது விதி. குழந்தையின் சொந்தக்காரர்தான் பிடிக்க வேண்டும். காரணமும் நியாயமானதுதான். அப்பன்காரன் ஒரு நாள் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான், வேலைக்காரர் தினமும் அல்லவா கதிருக்குள் நிற்க வேண்டும். ஆனால் விதியை எழுதியவர் வீறிடும் குழந்தையைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார். அம்மா பிடித்தால் அழுகையைக் கேட்டுக் கையை விட்டுவிடுவாள். அப்பா பிடித்தால் இறுக்கி நசுக்குவான். படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டும், குழந்தைக்குத்தான் இரண்டு மடங்கு கதிர். வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். அக்காவைக் கூப்பிடு என்பதுதான் எல்லோருக்கும் சுலபமான வழி. எனக்கும் அதுவே சுலபமாக இருந்தது.

ஈயக் கவசம் ஒன்று இருந்தது. அதை மாட்டிக்கொள்வார். கையுறையும் ஒரு ஜோடி இருந்தது. அதை மாட்டினால் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கலாம், குழந்தையைப் பிடிக்க முடியாது. யானைக் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்று தையல்காரர் பெண்டாட்டியாகவே ஒரு தீர்ப்புச் சொல்லி, முதல் வாரமே அதைக் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. இந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் ஆரம்பத்தில் தன் மனைவியின் கையைத்தான் படம் எடுத்தார் என்றும், எலும்பும் மோதிரமுமாகத் தெரிந்த அதைப் பார்த்து அந்த அம்மாள் தன் சாவையே பார்த்துவிட்டதாகச் சொன்னார் என்றும் படிக்கும்போது வாத்தியார் சொல்லியிருக்கிறார். இன்னதென்று தெரியாத கதிர் என்பதால் எக்ஸ் என்று பெயர் வைத்தார்களாம். உடைந்த எலும்பையும் உடம்புக்குள் போன குண்டையும் தோலைக் கிழிக்காமலே பார்க்க முடிகிறது என்று தெரிந்ததும் உலகமே அதன் பின்னால் ஓடியது. தினமும் தன் கையையே வைத்து மிஷின் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த அந்தக் காலத்து ஆட்களுக்கு நகம் உதிர்ந்தது, தோல் வெடித்தது, அப்புறம் விரல் விரலாக வெட்டினார்கள். 'தொடக்க காலத்தில் இத்தொழிலில் இருந்தோர் விரல்களை இழந்ததற்கான காரணங்களை எழுதுக' என்று பரீட்சையில் கேட்டிருந்தான். ஐந்து மதிப்பெண். நான் ஐந்தும் வாங்கினேன்.

கதிர் வருகிற குழாய்க்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஈயத் தகட்டில் கதவுகள். திருகைத் திருப்பினால் கதவு நெருங்கி வந்து, எந்த இடம் வேண்டுமோ அங்கே மட்டும் கதிர் விழும்படி குறுக்கிக்கொள்ளலாம். குழந்தையின் நெஞ்சு மட்டும் போதும் என்றால் நெஞ்சளவுக்குக் குறுக்கலாம், பிடிக்கிறவர் கை தப்பித்துவிடும். அக்கா வந்த முதல் எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. ஒன்பதாவது வருஷம் ஒரு ஜோடிக் கதவு பாதியில் திறந்தபடி மாட்டிக்கொண்டது. திருகு மட்டும் சும்மா சுற்றியது.

புகார் எழுதினேன். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தான். உதிரி பாகம் வெளியிலிருந்து வரணும், வந்து மாட்டி முடிக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை மிஷினை மூடிவைக்கணும் என்றான். எங்கள் பெரிய டாக்டர் நல்லவர், வேலையில் புலி, ஆனால் பொறுமை கிடையாது. இரண்டு மாதம் மூடினால் இவ்வளவு ஜனமும் எங்கே போகும், படம் வருகிறதல்லவா, பார்த்துக்கொள் என்றார். நான் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது தடவை புகார் எழுதவில்லை.

கதவு திறந்து கிடந்ததால் படத்தின் மேல் ஓரத்தில் அக்காவின் விரல் எலும்புகள் விழ ஆரம்பித்தன. பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. குழந்தையின் படத்தில் இந்தப் பேய்க் கை எதற்கு, என்னுடைய எக்ஸ்ரே சுத்தமாக இருக்க வேண்டும் என்று என் முகத்துக்கு நேரே படத்தை ஆட்டினார். அன்றைக்கே இருட்டறையில் ஒரு கத்திரிக்கோல் கொண்டுவந்து வைத்தேன். படம் காய்ந்ததும் மேல் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நேர்க்கோடாக வெட்டிவிடுவேன். கைகள் போய்விடும். டாக்டர் திருப்தி. மற்றவர்கள் எனக்குக் 'கத்திரி' என்று பெயர் வைத்தார்கள். சுத்தமான படம் வேண்டுமென்றால் கத்திரியிடம் போ என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

படத்திலிருந்துதான் நான் கையை வெட்டினேன், கதிரிலிருந்து இல்லை. அது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று பலநாள் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பயந்துபோய் இனிமேல் பிடிக்க வரமாட்டார், அத்தனை பிள்ளைகளையும் நான் தனியாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். களைப்பாக இருந்தது. ஒரு நாளைக்கு நூற்றியிருபது படம். களைப்பாக இருந்தது என்பது ஒரு காரணமா என்று கேட்டால் இல்லைதான்.

பதினோரு வருஷம் இப்படி ஓடிற்று. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார், அடுத்த வருஷமே இறந்தும் போனார். புது மிஷின் வந்தது. ஃபிலிம் இல்லை, இருட்டறை இல்லை, எல்லாம் திரையில். வேண்டாத ஓரத்தை இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டில் நீக்கிவிடலாம். பழைய மிஷினைக் கழற்றியபோது கதவு மாட்டிக்கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். துருப்பிடித்துவிட்டது, கிழட்டு மிஷின் என்று பேசிக்கொண்டே வண்டியில் ஏற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் நகங்கள் அதற்கு முன்னாலேயே கோடு கோடாகி உடைய ஆரம்பித்திருந்தன. தோல் காய்ந்து பிளந்தது. பினாயிலால் வந்தது என்றார், சோப்பால் வந்தது என்றார், எண்ணெய் தடவிக்கொண்டார். வலது ஆள்காட்டி விரலில் மரு மாதிரி ஒன்று கிளம்பி ஆறவே இல்லை. தோல் டாக்டர் அதில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்று என்று வந்தது. ஆள்காட்டி விரல் முழுதும், நடுவிரலில் பாதியும் போயின. கதிரால் வந்ததா என்று கேட்டதற்கு, வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. இரண்டு விரல் இல்லாதவர் துப்புரவுப் பணிக்குத் தகுதியற்றவர், எனவே விடுவிக்கப்படுகிறார். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கணவருக்குக் கண் மங்கித் தையல் நின்றுபோயிருந்தது. காசு முழுங்கிய மகன் கல்யாணம் பண்ணிக்கொண்டு தூரத்தில் இருந்தான், அவன் பாடே இழுபறி. இவர் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வேலையால் வந்த ஊனம் என்று நிரூபித்தால் மட்டும் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அக்கா மனுக் கொடுத்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விசாரணைக்கு நாலு நாள் முன்பு அலுவலக மேலாளர் என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். பழைய புகார்ப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். அக்கா எக்ஸ்ரே அறைக்குள் நின்றதற்கு எந்தப் பதிவும் இல்லையாம். கையுறை கொடுத்ததற்குப் பதிவு இருக்கிறதாம். பழைய படங்கள் நூறை எடுத்துப் பார்த்தார்களாம், ஒன்றில்கூட யாருடைய விரலும் இல்லையாம். அப்புறம் என்ன கேஸ் என்றார். தலைமை டெக்னீசியன் இடம் அடுத்த மாதம் காலியாகிறது, உங்கள் பெயர்தான் மேலே இருக்கிறது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாருங்கள் என்று தோளைத் தட்டினார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அக்காவைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, மூலையில் துணி போர்த்திய தையல் மிஷின். அக்கா இடது கையால் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். வலது கையைக் கட்டோடு நெஞ்சருகே வைத்திருந்தார். பதினோரு வருஷமாகக் கதவு திறந்து கிடந்ததை அவரிடம் சொல்லிவிடத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டார். அந்த மிஷின்ல கதவு கெட்டிருந்துச்சாமே, கழட்டறப்ப பார்த்தாங்களாமே, பாவம் நமக்கு எங்க தெரியும் என்றார்.

"அதப் பத்திக் கேட்டா தெரியாதுன்னே சொல்லிடுங்க தம்பி," என்றார். "எனக்காக எதையாவது பேசி உங்க தலை உருளக் கூடாது. புள்ளைங்களப் பிடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தையல்காரர், படங்களில் விரல் இல்லையாமே, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே ஃபிலிம் துண்டுகள், கட்டுக் கட்டாக. எல்லாம் இரண்டு விரல் அகலம். இருட்டறைத் தரையில் நான் வெட்டிப் போட்டதையெல்லாம் அக்கா கூட்டி அள்ளி, வீணாகப் போகாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். சலவைச் சோடா போட்டு ஊறவைத்தால் கறுப்பு போய்க் கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிடும், சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்தால் மடங்காமல் நிற்கும் என்று தையல்காரர் விளக்கினார். ஊரில் பாதிப் பேர் இவள் விரலைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போனார்கள் என்று சிரித்தார். கண் மங்கிய பிறகு ஊறவைக்காமல் மிச்சமான துண்டுகள் அவை.

ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல், நடுவில் ஏதோ ஒரு குழந்தையின் உச்சந்தலை. அடுத்ததிலும் அதேதான். அடுத்ததிலும். நான் வெட்டின வெட்டு ஒவ்வொன்றும் அளவு பிசகாமல் நேராக இருந்தது. பெட்டியை எடுத்துப் போகிறேன் என்றேன். சாட்சிக்கு உதவும் என்று தையல்காரருக்குச் சந்தோஷம்.

ராத்திரி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. நாத்தனார் என்று கேலி பேசிய வாய் அன்றைக்குச் சும்மா இருந்தது. அந்தப் பெட்டியைக் காண்பிங்க என்றாள். பார்த்துவிட்டு மூடிவைத்தாள். தலைமை டெக்னீசியன் ஆகாவிட்டால் நாம் ஒன்றும் பட்டினி கிடக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விசாரணை மாடியில் ஒரு கூட்ட அறையில் நடந்தது. கண்காணிப்பாளர், அலுவலக மேலாளர், வெளியிலிருந்து வந்த கதிர் பாதுகாப்பு அதிகாரி. அதிகாரி சின்ன வயதுப் பெண், பேச்சில் வளவளப்பு இல்லை. அக்கா சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகளை இவர்தான் பிடிப்பார், தினமும் பதினைந்து இருபது, கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க முடியாது என்று சொன்னேன். அதிகாரி பழைய படங்களைக் காட்டினார். பிடித்திருக்கலாம், ஆனால் கதவைக் குறுக்கி எடுத்திருந்தால் கை கதிருக்கு வெளியே இருந்திருக்கும், இந்தப் படங்கள் அதைத்தானே சொல்கின்றன என்றார். கேள்வி சரியான கேள்வி. மேலாளர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார்.

அந்தப் படங்களை அளந்து பாருங்கள் என்றேன். அதிகாரி கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒன்றை அளந்தார், இன்னொன்றை அளந்தார். எல்லாமே முழு ஃபிலிமைவிட இரண்டு விரல் அகலம் குறைவு. பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். அவர் துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் இவற்றில் தேதியும் இல்லை, பெயரும் இல்லை, ஒரு மாதத்தில் வெட்டியதாகவும் இருக்கலாமே என்றார். கழற்றும்போது கதவு மாட்டியிருந்தது என்பது தெரியும், எத்தனை நாளாக மாட்டியிருந்தது என்பது தெரியாமல் இதை வேலையால் வந்த ஊனம் என்று எழுத முடியாது என்றார். மேலாளர் உடனே, அது யாருக்கும் தெரியாது மேடம் என்றார்.

"கதவு எப்ப கெட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாதுன்னு சொல்லுங்க என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார்.

"தெரியும்," என்றேன். "கெட்ட அன்னைக்கே தெரியும். பதினோரு வருஷம். அவங்க கைமேல கதிர் விழுதுன்னு தெரிஞ்சுதான் ஒவ்வொரு தடவையும் பொத்தான அமுக்கினேன். படத்துல தெரியக் கூடாதுன்னு வெட்டினேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எந்த மாதம், மெக்கானிக் யார், எத்தனை புகார் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேலையால் வந்த ஊனம் என்று எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு வெளிநோயாளிகள் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை. உட்கார்ந்து பார்க்கலாம், இடது கை போதும். எனக்கு ஒரு மெமோ, பதவி உயர்வு கிடையாது. தலைமை டெக்னீசியனாக என்னிடம் வேலை கற்ற ஒருவர் வந்தார், நல்ல மனிதர். இதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு விசாரணை முடிந்து படியிறங்கும்போது நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அக்கா எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் நின்றார். நானும் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. களைத்துப்போன முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "வரமாட்டேன்னு பயந்தீங்களா? அழற புள்ளைய விட்டுட்டு நான் எங்க போவேன். சொல்லியிருந்தாலும் வந்து பிடிச்சிருப்பேன்."

அவர் இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மேலேயிருந்து யாரோ வழி விடச் சொன்னார்கள். நான் சுவரோடு ஒதுங்கி நின்றேன்.